பார்த்துக்கொண்டிருந்தவர்: ‘தி ட்ரூமன் ஷோ’ திரைப்படத்தில் தந்தை யார்?

‘தி ட்ரூமன் ஷோ’ எனும் ஆங்கிலத் திரைப்படம் 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியீடு கண்டது. நான் பிறப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்திய படம். ஆஸ்திரேலியரான பீட்டர் வியர் இயக்க, நியூசிலாந்தில் பிறந்த ஆண்ட்ரூ நிக்கோல் திரைக்கதை எழுதினார். அதுவரை சிரிப்பு நடிகராகவே அறியப்பட்டிருந்த ஜிம் கேரி, கதைநாயகன் ட்ரூமனாக நடித்தார். கிரிஸ்டோஃப் எனும் தொலைக்காட்சி இயக்குநராக எட் ஹாரிஸ் நடித்தார். சிறந்த இயக்கம், துணை நடிகர், மூலத் திரைக்கதை ஆகிய மூன்று பிரிவுகளில் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றும் கிட்டவில்லை என்பது தனிக்கதை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரூமன் பர்பேங்க், சீஹேவன் எனும் அழகிய தீவு நகரில் வாழும் காப்புறுதி நிறுவன ஊழியன். அவனுக்கு மனைவி உண்டு, அம்மா உண்டு, பள்ளிப் பருவம் முதல் ஓர் உயிர்த்தோழனும் உண்டு. அனைவருமே சம்பளம் வாங்கும் நடிகர்கள். தலைக்கு மேல் தெரியும் வானம் ஒரு மாபெரும் கூரை. சுற்றியுள்ள கடல் ஒரு தொட்டி. ஏறக்குறைய 5,000 கேமராக்கள் அவனை இரவும் பகலும் படம் பிடித்து உலகமெங்கும் நேரடியாக ஒளிபரப்புகின்றன. பிறந்த நொடி தொடங்கி முப்பதாண்டுகளாக இது நடக்கிறது. ஊரில் இதை அறியாதவன் அவன் ஒருவன் மட்டுமே. அந்தப் பொய் வானத்தின் நிலவுக்குள்தான் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. அங்கிருந்து அனைத்தையும் இயக்குபவர் கிரிஸ்டோஃப்.

இன்று ‘ரியாலிட்டி’ என்று நாம் அழைக்கும் நிகழ்ச்சிகள் அப்போது இந்த அளவுக்குப் பெருகவில்லை. ‘பிக் பிரதர்’ நெதர்லாந்தில் 1999ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் ‘சர்வைவர்’ நிகழ்ச்சியின் முதல் பருவம் 2000ஆம் ஆண்டில் நம் சபா மாநிலத்தின் பூலாவ் தீகா தீவில் படமாக்கப்பட்டது. 2003இல் அஸ்ட்ரோவில் ‘அகாடமி ஃபேன்டாசியா’ வந்தபோது, பாட்டுப் போட்டியோடு நில்லாமல் போட்டியாளர்களின் அன்றாட வாழ்வும் ‘டியாரி’ என்ற பெயரில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. ஆகவே இப்படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘வரப்போவதை முன்கூட்டியே சொன்ன படம்’ என்று பாராட்டிக் கேமராக்களைப் பற்றியே எழுதுகின்றனர். எனக்கோ கேமராவைவிட வேறொன்றுதான் அச்சமூட்டியது. கிரிஸ்டோஃப் தம்மை ஒரு கண்காணிப்பாளராகக் கருதவே இல்லை. தம்மைத் தந்தையாகக் கருதுகிறார். அவர் சொல்வது பொய்யா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உறவுப்பெயர் சூடிய கண்

எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் தோன்றி, உள்ளுக்குள் மனிதனை நசுக்கும் ஓர் உலகைக் கற்பனை செய்யும் இலக்கிய வகையை ஆங்கிலத்தில் ‘டிஸ்டோபியா’ என்பர். அவ்வகையில் அதிகம் பேசப்படுவது ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ எனும் நாவல். அதில் மக்களை ஓயாது கண்காணிக்கும் தலைவனுக்கு ஆர்வெல் சூட்டிய பெயர் ‘பெரியண்ணன்’. நெதர்லாந்து நிகழ்ச்சிக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்துதான். உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு அரசன் என்றோ அதிகாரி என்றோ பெயர் வைக்காமல், வீட்டிலுள்ள உறவின் பெயரை வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நிக்கோல் இன்னும் ஒரு படி மேலே சென்று, அந்தக் கண்ணையே தந்தையாக்கிவிட்டார்.

சட்டப்படியும் அப்படித்தான். வேண்டாத கருவாக உருவான ஆறு குழந்தைகளுள், ஒளிபரப்புக்குக் குறித்த வேளையில் பிறந்ததால் ட்ரூமன் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்று படத்தில் வரும் ஒரு நேர்காணலில் கிரிஸ்டோஃப் விளக்குகிறார். ஒரு நிறுவனத்தால் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட முதல் குழந்தை அவன். தத்தெடுத்த நிறுவனம் பால் புகட்டுமா? தாலாட்டுமா? அவற்றுக்கெல்லாம் ஆள் வைத்தது. தான் மட்டும் பார்த்தது.

ஓர் இலக்கணக் குறிப்பு

இங்கே தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. ‘பார்’ என்பது கண்ணின் தொழில். அதனோடு ‘கொள்’ எனும் துணைவினை சேர்ந்து ‘பார்த்துக்கொள்’ என்றானதும் பொறுப்பு வந்துவிடுகிறது. ‘தம்பியைப் பார்’ என்பதற்கும் ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மில் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனோடு ‘இரு’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ‘பார்த்துக்கொண்டிருந்தார்’. இப்போது பொருள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ‘பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்’ என்றால் பாட்டி குழந்தையைப் பராமரித்தார் என்றும் கொள்ளலாம். கண்ணெடுக்காமல் நோக்கினார் என்றும் கொள்ளலாம். ‘விபத்து நடந்தபோது எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்றால் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் பொருள்.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர்களுக்கு இன்னொரு சொல்லும் நினைவுக்கு வரும். மலாய்மொழியில் ‘ஜாகா’ என்றால் பிள்ளையைப் பேணுவதும் ஆகும். தொழிற்சாலை வாசலைக் காவல் காப்பதும் ஆகும். காவலாளியையே ‘ஜாகா’ என்று நம் வீடுகளில் அழைப்பதுண்டு. இரு மொழிகளும் அன்பையும் காவலையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கின்றன. கட்டியவர்கள் வெகுளிகள் அல்லர். பார்க்காமல் பேணுதல் இயலாதே. ஆனால் பேணாமல் பார்ப்பது மிக எளிது. கிரிஸ்டோஃப் குடியிருப்பது இந்த இடுக்கில்தான்.

அப்பா இறந்ததும் அப்பா வந்ததும்

படத்தின் மிகக் கொடிய செயல் என்று நான் கருதுவது ட்ரூமன் சிறுவனாக இருந்தபோது நடக்கிறது. வளரும் பிள்ளை தீவை விட்டு வெளியே செல்ல ஆசைப்படுகிறான். வகுப்பில் எழுந்து, மெகெல்லனைப்போல் தானும் ஒரு நாடுகாண் பயணியாக வேண்டும் என்கிறான். கண்டுபிடிப்பதற்கு இனி எதுவும் மீதமில்லை என்று ஆசிரியை உலக வரைபடத்தை இழுத்துக் காட்டுகிறார். (ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் நண்பர்கள் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.) அது போதவில்லை. எனவே அப்பாவும் மகனும் படகில் செல்லும்போது புயல் வரவழைக்கப்பட்டு, அப்பா மகனின் கண்ணெதிரே ‘மூழ்கடிக்கப்படுகிறார்’. அன்று முதல் அவனுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். தீவுக்கு வேலி தேவைப்படவில்லை. வேலி அவன் மனத்துக்குள்ளேயே நடப்பட்டுவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து அம்மாவாக நடிப்பவர் அவனிடம், அந்த விபத்துக்காக நான் உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை என்கிறார். கேட்பதற்கு ஆறுதல் மொழி. ஆனால் குறை சொல்லவில்லை என்று சொல்லும்போதே குறை அவனுடையது என்று உறுதிப்பட்டுவிடுகிறது. இதுபோன்ற ஆறுதல்களை நம் உறவினர் கூட்டங்களிலும் கேட்டிருக்கலாம்.

பிறகு ட்ரூமனுக்கு ஐயம் எழத் தொடங்குகிறது. அவனை அடக்க, இறந்த அப்பாவைத் திரும்பக் கொண்டுவருகிறார் கிரிஸ்டோஃப். இரவு நேரம், மூடுபனி, கட்டி முடிக்கப்படாத ஒரு பாலம். தோழன் மார்லன் முதலில் உருக்கமாகப் பேசுகிறான். அவன் பேசும் ஒவ்வொரு சொல்லும் கிரிஸ்டோஃப் காதுக்கருவி வழியாகச் சொல்லிக் கொடுப்பது. உன்னிடம் நான் ஒருபோதும் பொய் சொல்லமாட்டேன் என்பதும் அப்படிச் சொல்லிக் கொடுக்கப்பட்ட சொல்தான். பனிக்குள்ளிருந்து அப்பா நடந்து வருகிறார். கட்டுப்பாட்டு அறையில், பனியைக் குறை, அந்தக் கேமராவுக்கு மாறு, இசையை மெல்ல ஏற்று, இப்போது நெருங்கிப் போ என்று கட்டளைகள் விழுகின்றன. இருபதாண்டுக்கும் மேலாக அப்பாவைக் கொன்றவன் தான் என்று எண்ணியவன், அப்பாவைக் கட்டிப்பிடித்துத் தேம்புகிறான். அறையில் கைதட்டல். ஊழியர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர்.

இக்காட்சியை நான் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கண் கலங்கியது. சூழ்ச்சி என்று தெரிந்தும் கலங்கியது. அந்த அழுகை மட்டும் பொய்யில்லை. பிள்ளை அழும்போது நெருங்கிப் போவது பெற்றோரின் இயல்பு. கிரிஸ்டோஃபும் நெருங்கித்தான் போகிறார். போவது கேமரா.

கற்பனை அல்லாத ஒரு சீஹேவன்

இதெல்லாம் திரைப்படத்தில்தான் நடக்கும் என்று சொல்வதற்கில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1934ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண்குழந்தைகள் பிறந்தனர். டியோன் சகோதரிகள் என்று இவர்களை உலகம் அறியும். ஐவரும் பிழைத்தது அக்காலத்தில் பெரும் விந்தை. பெற்றோரால் காக்க இயலாது என்று கூறி மாநில அரசு அவர்களைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. பெற்றோரின் வீட்டுக்கு எதிரே, சாலையின் மறுபுறம் தனி இல்லம் கட்டப்பட்டது. அங்கே விளையாட்டுத் திடலைச் சுற்றி மறைப்புடன் கூடிய நடைகூடம் அமைத்து, நாள்தோறும் குறித்த வேளைகளில் குழந்தைகள் விளையாடுவதைப் பொதுமக்கள் நின்று பார்க்க வழி செய்தார்கள். 1943 வரையில் ஏறக்குறைய 3 மில்லியன் பேர் வந்து பார்த்தனர். ஓட்ஸ், சவர்க்காரம் முதலிய பொருள்களின் விளம்பரங்களில் அவர்கள் முகம் இடம்பெற்றது. ட்ரூமனின் மனைவி காப்பிக்குப் பதிலாக ஒரு கொக்கோ பானத்தைக் கேமராவுக்குத் தூக்கிக்காட்டும் காட்சி நினைவுக்கு வருகிறதல்லவா?

1943இல் சகோதரிகள் பெற்றோரிடம் திரும்பினர். கதை இங்கே இனிதே முடிந்திருக்கலாம், முடியவில்லை. வீட்டிலும் தாங்கள் துன்புற்றதாகப் பிற்காலத்தில் அவர்களே வெளிப்படையாகத் தெரிவித்தனர். இச்செய்தியை நான் மறைக்க விரும்பவில்லை. அரசு கெட்டது, பெற்றவர் நல்லவர் என்று எளிதாகக் கோடு போட்டுவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று. 1997இல் அமெரிக்காவில் ஒரே பிரசவத்தில் எழுவர் பிறந்தபோது, அப்போது உயிருடன் இருந்த மூன்று டியோன் சகோதரிகள் அக்குழந்தைகளின் பெற்றோருக்கு ‘டைம்’ இதழ்வழி ஒரு திறந்த மடல் எழுதினர். பிள்ளைப்பேற்றைக் கேளிக்கையாக்கிவிட வேண்டாம் என்பது அதன் சாரம். 1998இல், அதாவது ‘ட்ரூமன் ஷோ’ வெளிவந்த அதே ஆண்டில், ஒண்டாரியோ அரசு அவர்களுக்கு 4 மில்லியன் கனடா டாலர் வழங்க ஒப்புக்கொண்டது.

பணத்தைத்தான் சட்டத்தால் எண்ண முடிகிறது. பெற்றோரின் காணொலிகளில் தோன்றும் பிள்ளைகளின் வருமானத்தைக் காக்க பிரான்சு 2020இல் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இத்தகைய சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ட்ரூமனுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டுப் பார்த்தால் அதன் எல்லையும் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. தென்கொரியாவில் 2009இல் மூன்று மாதப் பெண்குழந்தை ஒன்று பட்டினியால் இறந்தது. 2010இல் பெற்றோர் கைது செய்யப்பட்டபோதுதான் செய்தி உலகுக்குத் தெரிந்தது. அவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் இணைய மையத்தில் அமர்ந்து ‘பிரியஸ்’ எனும் கணினி விளையாட்டில் ‘அனிமா’ என்ற மெய்நிகர்ச் சிறுமியை வளர்த்து வந்தனர். திரைக்குள்ளிருந்த பிள்ளைக்கு வேளை தவறாமல் கவனிப்பு. வீட்டிலிருந்த பிள்ளைக்கு இல்லை. கிரிஸ்டோஃப் மெய்யான பிள்ளையைத் திரைக்குள் வைத்தார். இவர்கள் திரையிலிருந்த பிள்ளையை மெய்யாக்கிக்கொண்டனர்.

அக்காவின் கைப்பேசி

இக்கட்டுரையை எழுத நான் முடிவு செய்ததற்கு வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. என் அக்கா பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். மாமாவுக்கும் வேலை. இரண்டு வயது மகனைக் குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்றில் விடுகின்றனர். அம்மையத்தின் கேமராக் காட்சிகளைப் பெற்றோர் தங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம். கூடுதல் கட்டணம். ஒருநாள் மதிய உணவு வேளையில் அக்கா திறந்து பார்த்தபோது பையன் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். படத்தில் ஒலி கிடையாது. வாய் திறந்திருப்பது மட்டும் தெரியும். மையத்துக்கு அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார். பதினேழு நிமிடங்கள். பிறகு பராமரிப்பாளர் ஒருவர் திரைக்குள் வந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வேறொரு குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தாராம்.

“பார்க்காம இருந்திருந்தா நிம்மதியாச்சும் இருந்திருக்கும்டி. பார்த்துட்டு ஒண்ணும் செய்ய முடியலையே” என்று அன்றிரவு அக்கா சொன்னார்.

அக்காவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடன் கட்ட முடியாது. அம்மாவும் நானும் இருப்பது ஜொகூரில். கேமராவை வைத்தவர்கள் விற்பது மன அமைதி என்கிறார்கள். அக்கா வாங்கியதோ நிலவறையில் ஓர் இருக்கை. ஆனால் கிரிஸ்டோஃபுக்கும் அக்காவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திரையில் பிள்ளை அழுதபோது அக்கா தொலைபேசியை எடுத்தார். கிரிஸ்டோஃப் இசையைக் கூட்டினார். அக்கா இன்னும் அக்காட்சிகளைப் பார்த்து வருகிறார். மாலையில் சென்று அழைத்துவரும்போது, அன்று அவனைத் தூக்கிய பராமரிப்பாளரிடம் ஐந்து நிமிடமாவது நின்று பேசிவிட்டும் வருகிறார்.

செவிலித்தாயும் புயலும்

பெறாதவர் வளர்ப்பது தமிழுக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் பெற்றவளை நற்றாய் என்றும் வளர்ப்பவளைச் செவிலி என்றும் தனித்தனியே வைத்திருக்கின்றனர். ஆகவே, பெறவில்லை என்பதைக் கிரிஸ்டோஃபின் குற்றமாக நாம் சொல்லக்கூடாது. அவரைச் செவிலியின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம் உடன்போக்கு. வளர்த்த மகள் தலைவனோடு ஊரைவிட்டுச் சென்றுவிடுகிறாள். கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில் செவிலி பாலை வழியே மகளைத் தேடிச் செல்கிறாள். எதிரே வரும் அந்தணரிடம், இப்படி இருவரைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கின்றனர். சந்தனம் மலையில் பிறக்கிறது, மலைக்கு அதனால் என்ன பயன்? முத்து கடலில் பிறக்கிறது, இசை யாழில் பிறக்கிறது. பயன் கொள்வோர் வேறல்லவா? உன் மகளும் அத்தகையவளே என்று தேற்றுகின்றனர்.

ட்ரூமனும் ஒருநாள் போய்விடுகிறான். தண்ணீருக்கு அஞ்சியவன் தன்னந்தனியாகப் பாய்மரப் படகேறுகிறான். முப்பதாண்டில் முதன்முறையாக ஒளிபரப்பு நிறுத்தப்படுகிறது. எல்லாரும் தேடுகின்றனர். சூரியனையே நள்ளிரவில் எழுப்பித் தேடுகிறார் கிரிஸ்டோஃப். தேடல் என்ற அளவில் செவிலியும் அவரும் ஒன்றே. கண்டதும் அவர் செய்வது வேறு. புயலை ஏவுகிறார். இறந்துவிடுவான் என்று உதவியாளர்கள் பதறியும் காற்றைக் கூட்டச் சொல்கிறார். முன்பு அப்பாவைக் கொல்லப் பயன்பட்ட அதே கருவி இப்போது மகன்மேல்.

அவன் சாகவில்லை. படகின் முனை வானத்தில் முட்டிக் கிழிக்கிறது. சுவரில் படிக்கட்டும் ஒரு கதவும் இருக்கின்றன. அங்கேதான் கிரிஸ்டோஃப் முதன்முறையாக அவனிடம் வாய் திறந்து பேசுகிறார். நீ பிறந்ததைப் பார்த்தேன், முதலடி வைத்ததைப் பார்த்தேன், பள்ளிக்குச் சென்ற முதல் நாளைப் பார்த்தேன், முதல் பல் விழுந்ததைப் பார்த்தேன் என்று அடுக்குகிறார். முப்பதாண்டுத் தந்தைமைக்கு அவர் காட்டும் கணக்கு இவ்வளவே. தூக்கினேன் என்று ஒரு சொல் இல்லை. ஊட்டினேன் என்று இல்லை. அத்தனையும் ‘பார்த்தேன்’. குரலில் அன்பு இருக்கிறது. எட் ஹாரிஸின் நடிப்பில் அது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. உறங்கும் ட்ரூமனின் முகத்தைத் திரையின்மீது அவர் கைவைத்துத் தடவும் காட்சியையும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. விரலுக்குப் படுவது கண்ணாடி, அவ்வளவுதான். ட்ரூமன் ஒன்றும் பேசாமல் நிற்கவே பொறுமை இழந்து, ஏதாவது சொல், நீ தொலைக்காட்சியில் இருக்கிறாய் என்று அதட்டிவிடுகிறார். அந்த ஒரு நொடியில் தந்தை மறைந்து இயக்குநர் வந்துவிடுகிறார்.

நாள்தோறும் காலையில் அண்டைவீட்டாரிடம் சொல்லும் வணக்கத்தையே ட்ரூமன் மறுமொழியாகச் சொல்கிறான். இனி உங்களைப் பார்க்காமல் போனால், மாலைக்கும் இரவுக்கும் சேர்த்து இப்போதே வணக்கம் என்ற பொருள்பட வரும் வாசகம். குனிந்து வணங்கிவிட்டுக் கதவுக்குள் போய்விடுகிறான்.

நாற்காலியில் இருப்பவர்கள்

உலகமெங்கும் பார்வையாளர்கள் ஆர்ப்பரிக்கின்றனர். குளியல் தொட்டியில் கிடந்தே நிகழ்ச்சி பார்க்கும் ஒருவர், உணவகப் பணிப்பெண்கள், தலையணையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் இரு மூதாட்டியர் என்று படம் நெடுகிலும் வரும் இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ட்ரூமனை உண்மையாகவே நேசித்தவர்கள். ஆனால் முப்பதாண்டுகளில் அவனுக்காக இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டையிட்டதாகப் படம் காட்டுவது சில்வியா ஒருத்தியை மட்டுமே. ஒருகாலத்தில் அந்நிகழ்ச்சியில் நடித்து, அவனிடம் உண்மையைச் சொல்ல முயன்று வெளியேற்றப்பட்டவள். கதவுக்குள் அவன் மறைந்ததும் தொலைக்காட்சியின் முன்னிருந்து எழுந்து படியிறங்கி ஓடுகிறவளும் அவள்தான்.

மற்ற எல்லாரும் இருக்கையிலேயே இருக்கின்றனர். ஒளிபரப்பு நிற்கிறது. பீட்சா தின்றபடியே பார்த்துக்கொண்டிருந்த வாகன நிறுத்துமிடக் காவலர் இருவர், வேறு அலைவரிசையில் என்ன ஓடுகிறது என்று நிகழ்ச்சிப் பட்டியலைத் தேடுகின்றனர். படம் அங்கே முடிகிறது.